குழந்தைப் படநூல் ஓவியங்களுக்குப் பரிசு தீர்மானிக்கப்படுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

குழந்தைகளுக்கான படநூல்களின் ஓவியங்கள் எந்த அடிப்படையில் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்னும் அளவுக்கு நுணுக்கமான ஓவியங்கள் கொண்ட நூல்கள் பல பரிசு பெறாமல் போகின்றன. நாலைந்து கோடுகளில் வரைந்து முடித்ததுபோல் தோன்றும் நூல்களுக்குப் பரிசு கிடைக்கிறது. நடுவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

பதில்: தனியோர் ஓவியத்தின் அழகை அளப்பதுதான் போட்டி என்றால் உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. ஆனால் படநூல் பரிசில் நடுவர்கள் எடைபோடுவது, ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஓவியங்கள் சேர்ந்து ஒரு கதையையோ கருத்தையோ எவ்வளவு திறம்பட நடத்திச் செல்கின்றன என்பதையே. படநூல்களில் பெரும்பாலானவை 32 பக்கங்களில் அமைகின்றன. அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில் கிடைப்பதே அதற்குக் காரணம். தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரங்களையும் கழித்துவிட்டால் ஓவியருக்கு மிஞ்சுவது ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினைந்து இரட்டைப் பக்கங்கள்தாம். அதற்குள் பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டும், இடத்தையும் பொழுதையும் நிறுவ வேண்டும், அடுத்த பக்கத்தைத் திருப்பத் தூண்ட வேண்டும், முடிவையும் நிறைவாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே நடுவர் நூலைக் கையில் எடுத்ததும் எழுகிற கேள்விகள் ஓவியக் கண்காட்சியில் எழும் கேள்விகளிலிருந்து வேறுபட்டவை. மூன்றாம் பக்கத்தில் நேராகப் பார்த்த சிறுமியை இருபதாம் பக்கத்தில் முதுகுப்புறமாகப் பார்த்தாலும் அவள்தான் என்று குழந்தை அடையாளம் காணுமா? திருப்பத்துக்குரிய செய்தி பக்கத்தைத் திருப்பும் கணத்துக்காகக் காத்திருக்கிறதா, முன்கூட்டியே வெளிப்பட்டுவிடுகிறதா? எழுத்துகளுக்கான வெற்றிடம் முதலிலேயே திட்டமிடப்பட்டதா, வரைந்து முடித்த பிறகு எங்கேயோ திணிக்கப்பட்டதா? இரட்டைப் பக்கத்தின் நடு மடிப்பில் முக்கியமான முகம் ஒன்று விழுந்து மறைந்துவிடவில்லையே? இவற்றில் தவறினால், ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே கண்ணைப் பறித்தாலும், நூல் பின்தங்கிவிடும். நுணுக்கமாக வரைந்த ஓவியங்கள் தோற்பதற்கு நான் பெரும்பாலும் காணும் காரணம், எல்லாப் பக்கங்களும் ஒரே தொலைவிலிருந்து, ஒரே அளவில், ஒரே உச்சத்தில் வரையப்பட்டிருப்பதுதான். அப்படிப்பட்ட நூலில் கண்ணுக்கு ஓய்வும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை.

படநூல் ஓவியத்துக்கென அமெரிக்காவில் ஆண்டுதோறும் தரப்படுவது கால்டெகாட் பதக்கம். 1964ஆம் ஆண்டில் அதைப் பெற்ற மாரிஸ் சென்டாக்கின் நூல் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. தண்டனையாக அறைக்குள் அனுப்பப்பட்ட சிறுவனின் கதை அது. தொடக்கத்தில் படங்கள் பக்கத்தின் நடுவே சிறியனவாக, அகன்ற வெள்ளை ஓரத்துடன் இருக்கின்றன. சிறுவனின் கற்பனை விரிய விரியப் படமும் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகி, அவன் விசித்திர உயிர்களோடு கூத்தாடும் இடத்தில் ஒரு சொல்லும் இல்லாமல் மூன்று இரட்டைப் பக்கங்களை முழுவதுமாக நிரப்பிவிடுகிறது. அவன் வீடு திரும்பும்போது மறுபடியும் சுருங்குகிறது. கதையின் உணர்ச்சியைப் படத்தின் அளவே சுமக்கிறது. ஒரு தாளை மட்டும் கிழித்துச் சுவரில் மாட்டினால் இந்தத் திறமை அங்கே தெரியவே தெரியாது.

கோடுகள் குறைவாயிருப்பதும் திறமைக் குறைவாகாது. கண்ணுக்கு ஒரு புள்ளி மட்டுமே வைக்கும் ஓவியர், அந்தப் புள்ளியை மயிரிழை இடம் மாற்றி வைப்பதன் மூலம் அச்சத்தையும் குறும்பையும் வேறுபடுத்திக் காட்டியாக வேண்டும். ஒளிந்துகொள்ள வேறெதுவும் இல்லாததால் அந்த வேலை கடினமானது.

கேள்வி: ஓவியத்துக்குத்தான் பரிசு என்றால், நூலின் எழுத்தை நடுவர்கள் அறவே கணக்கில் எடுப்பதில்லையா? எழுத்தே இல்லாத நூல்களுக்கும் பரிசு தருகிறார்களே?

பதில்: கால்டெகாட் விதிகள் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கின்றன. தீர்ப்பு முதன்மையாக ஓவியத்தின் மீதே அமைய வேண்டும். எழுத்து, ஒட்டுமொத்த வடிவமைப்பு போன்ற பிற கூறுகள் படநூல் என்ற வகையில் அந்த நூலின் பயனைக் குறைக்குமானால் அவற்றையும் கருதலாம். மோசமான எழுத்து ஒரு நல்ல ஓவியத் தொடரைப் பின்னுக்கு இழுக்கலாம். அருமையான எழுத்தோ சாதாரண ஓவியத்தை மேலே தூக்கிவிட முடியாது.

எழுத்தும் படமும் ஒன்றையே இரண்டு முறை சொல்கின்றனவா, ஒன்று விட்டதை மற்றது சொல்கிறதா என்பதே இங்கே நுட்பமான இடம். "மழையில் நனைந்தபடி சிவப்புக் குடையுடன் ஓடினாள்" என்று எழுதிவிட்டு, மழையில் சிவப்புக் குடையுடன் ஓடும் பெண்ணை வரைந்தால் குழந்தைக்குப் படத்தில் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஓவியர் ராண்டால்ஃப் கால்டெகாட் இந்த இடைவெளியின் ஆற்றலை உணர்ந்தவர். தட்டு ஒன்று கரண்டியோடு ஓடிப்போனது என்று ஒரு பழைய மழலைப் பாட்டு முடிகிறது. பாட்டு நின்றுவிட்ட பிறகும் அவருடைய படங்கள் தொடர்கின்றன: கடைசிப் படத்தில் தட்டு உடைந்து சிதறிக் கிடக்கிறது, கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் அழைத்துச் செல்கின்றன. பாட்டில் இல்லாத ஒரு துயரக் கதையைப் படம் தானாகச் சேர்த்துவிட்டது. அவர் பெயரில் ஒரு பதக்கம் இருப்பது மிகப் பொருத்தம் என்று நான் கருதுவதற்கு இந்த ஒரு படமே போதும்.

எழுத்தில்லா நூல்களைப் பொறுத்தவரை, 2010ஆம் ஆண்டின் பதக்கம் ஜெர்ரி பிங்க்னி வரைந்த ஈசாப்பின் சிங்கமும் எலியும் கதைக்குக் கிடைத்தது. விலங்குகளும் பறவைகளும் எழுப்பும் ஒலிகள் தவிர அதில் சொற்கள் கிடையாது. முன்னட்டையில் தலைப்புக்கூட இல்லை, சிங்கத்தின் முகம் மட்டுமே இருக்கிறது. எலிக்கு ஒரு கூட்டையும் அதில் குஞ்சுகளையும் அவர் வரைந்து சேர்த்ததால், சிங்கம் விட்டுவிட்டது ஓர் உயிரை மட்டுமில்லை, ஒரு தாயை என்பது சொல்லாமலே விளங்குகிறது. எல்லோரும் அறிந்த கதையை ஓவியத்தாலேயே புதிதாக விளக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: நல்ல நீதியைப் போதிக்கும் நூலுக்கு முன்னுரிமை உண்டா?

பதில்: கால்டெகாட்டில் இல்லை. போதனை நோக்கத்துக்காகவோ, நூல் பெற்ற புகழுக்காகவோ பதக்கம் தரப்படுவதில்லை என்று விதியே கூறுகிறது. இது மிகச் சரியான விதி. நல்ல கருத்து என்ற ஒரே காரணத்தால் சோம்பலான ஓவியம் மன்னிக்கப்பட்டுவிடக் கூடாது.

கேள்வி: நடுவர்கள் எப்படி வாக்களிக்கிறார்கள்? ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்து முடிவெடுத்துவிட வாய்ப்பில்லையா?

பதில்: பரிசுக்குப் பரிசு முறை மாறுகிறது. விதிகள் விரிவாக வெளியிடப்பட்டிருப்பதால் கால்டெகாட்டின் முறையையே சொல்கிறேன். இது அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் சேவைப் பிரிவால் 1938 முதல் ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. குழுவில் 15 பேர். முந்தைய ஓராண்டில் அமெரிக்காவில் வெளியான படநூல்களே போட்டிக்கு உரியவை. ஓவியர் அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் நூல்களைப் படித்துக்கொண்டே வரும் உறுப்பினர்கள், ஆண்டின் கடைசி மாதங்களில் ஆளுக்கு ஏழு நூல்களை எழுத்துபூர்வமான காரணங்களோடு முன்மொழிகிறார்கள். பிறகு மூடிய அறையில் கூடி, நூல்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

வாக்களிப்பு எளிய பெரும்பான்மையால் முடிவதில்லை. ஒவ்வொருவரும் மூன்று நூல்களை வரிசைப்படுத்துகிறார்கள்; முதலிடத்துக்கு 4 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 2. வெல்லும் நூல் குறைந்தது எட்டுப் பேரின் முதலிட வாக்கைப் பெற வேண்டும். அத்துடன் அடுத்த நூலைவிட 8 புள்ளிகளாவது முந்தியிருக்க வேண்டும். இரண்டும் நிறைவேறாவிட்டால் மீண்டும் பேசி மீண்டும் வாக்களிக்க வேண்டியதுதான். பாதிப் பேர் உயிரைக் கொடுத்து விரும்பி, மறுபாதியினர் ஒதுக்கித் தள்ளும் நூலும் இதில் தேறாது; எல்லோரும் பரவாயில்லை என்று இரண்டாமிடத்தில் வைக்கும் நூலும் தேறாது. பதிப்பகத்தோடோ ஓவியரோடோ ஆதாயத் தொடர்புள்ளவர்கள் குழுவில் இடம்பெறுவதைத் தடுக்கும் விதிகளும் உண்டு. அறைக்குள் பேசியது வெளியே போவதில்லை. ஓவியர் முன்பு வரைந்த நூல்களை ஒப்பிட்டுப் பேசவும் அனுமதியில்லை. அவ்வாண்டின் நூல்களோடு மட்டுமே ஒப்பிடலாம். பெயருக்காகப் பரிசு போவதைத் தடுப்பதில் மற்ற எல்லா விதிகளையும்விட இந்த ஒன்றுதான் வலுவானது என்பது என் கருத்து.

தகுதியான நூல் இல்லையென்றால் பரிசை நிறுத்திவைத்த வரலாறும் உண்டு. பிரித்தானிய நூலகர்கள் 1955ஆம் ஆண்டுக்கெனத் தொடங்கிய கேட் கிரீனவே பதக்கம், அந்த முதல் ஆண்டிலேயே எந்த நூலுக்கும் வழங்கப்படவில்லை. அடுத்த ஆண்டில்தான் எட்வர்ட் ஆர்டிசோன் அதை முதன்முதலாகப் பெற்றார். இப்போது அது கார்னகி ஓவியப் பதக்கம் என்று அழைக்கப்படுகிறது.

கேள்வி: உலகின் பெரிய பரிசுகள் எல்லாவற்றிலும் ஒரே அளவுகோல்தானா? ஒரே ஓவியர் ஓரிடத்தில் கொண்டாடப்படுகிறார், இன்னோரிடத்தில் கண்டுகொள்ளப்படுவதில்லை.

பதில்: ஒரே அளவுகோல் இல்லை, அவை மதிப்பிடும் பொருளே வேறு. கால்டெகாட் ஒரு குறிப்பிட்ட நூலை மதிப்பிடுகிறது. பன்னாட்டு இளையோர் நூல் வாரியம் இரண்டாண்டுக்கு ஒரு முறை வழங்கும் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதோ ஓவியர்களுக்கு 1966 முதல் வழங்கப்படுகிறது. அதில் ஓவியரின் வாழ்நாள் பணி முழுவதும் எடைபோடப்படுகிறது. ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவா நகரில் 1967 முதல் இரண்டாண்டுக்கு ஒரு முறை நடக்கும் கண்காட்சியில் மூல ஓவியங்களே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அச்சில் மங்கிப்போன வண்ணமோ தாளின் சொரசொரப்போ அங்கே நடுவரின் கண்ணுக்குத் தப்பாது. அதன் முதல் பெரும் பரிசை ஜப்பானின் யாசுவோ செகாவா பெற்றார். இத்தாலியின் போலோன்யா நூல் கண்காட்சி தரும் ராகாட்சி விருதில், தாள், கட்டு, எழுத்துரு, அட்டை எல்லாம் சேர்ந்த நூல் என்ற பொருள் முழுமையாக மதிப்பிடப்படுகிறது. ஆகவே அது பதிப்பகத்துக்கான பாராட்டும்கூட. அதே கண்காட்சியில் ஓவியர்களுக்காக நடக்கும் தேர்வுக்கோ, அச்சேறாத ஓவியங்களையும் அனுப்பலாம்.

மூல ஓவியம் மனத்தைக் கவர்ந்து, நூலாக வரும்போது சுவை குன்றுவதும், மூலத்தில் சாதாரணமாகத் தெரிந்தது நூலில் உயிர்பெறுவதும் அடிக்கடி நடப்பவை. ஒரு பரிசில் தவறியதை வைத்து ஓவியரின் தகுதியை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: கணினியில் வரைந்த ஓவியங்களைக் கைவண்ண ஓவியங்களுக்குச் சமமாக மதிப்பது முறையா?

பதில்: முறையே. எடுத்துக்கொண்ட உத்தியை எவ்வளவு தேர்ச்சியோடு கையாண்டிருக்கிறார் என்பதே கேள்வி; நீர்வண்ணமா, மரச்செதுக்கு அச்சா, ஒட்டுச்சித்திரமா, கணினியா என்பது ஓவியரின் விருப்பம். அந்த உத்தி அந்தக் கதைக்குப் பொருந்துகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனிமூட்டத்தில் தொலைந்த ஒருவனின் கதையைக் கூர்மையான விளிம்புகளால் வரைந்தால் அதற்குத் தக்க காரணம் இருக்க வேண்டும்.

கேள்வி: குழந்தைகளுக்கான நூலைப் பெரியவர்கள் மட்டும் கூடித் தேர்ந்தெடுப்பது அநியாயமில்லையா? பரிசு பெற்ற சில நூல்களை என் பிள்ளை இரண்டாம் முறை தொடுவதே இல்லை.

பதில்: இந்தக் கேள்வி நியாயமானது, பரிசுக் குழுக்களும் இதை நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகின்றன. குழந்தைகளின் கண் பெரியவர்களின் கண்ணைவிடக் கூர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. முந்தைய பக்கத்தில் இடக்கையில் இருந்த கட்டு இந்தப் பக்கத்தில் வலக்கைக்கு மாறிவிட்டதை முதலில் கண்டுபிடிப்பவர் ஐந்து வயதுக்காரராகவே இருப்பார். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் படத்தைத்தானே படிக்கிறார். எங்கள் கண் எழுத்தை நோக்கி ஓடிவிடும்போது, அவர் கண் மூலையில் உள்ள பூனையின் வாலில் நிலைத்திருக்கும்.

ஆனாலும் ஓராண்டில் வெளிவந்த நூற்றுக்கணக்கான நூல்களைப் படித்து, நிறை குறைகளை ஒப்பிட்டு, தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்துக் காரணம் சொல்லும் வேலையைச் சிறு குழந்தையின் தோளில் ஏற்றுவதும் சரியாகாது. குழந்தைகளின் விருப்பம் அவர்கள் கைக்கு எட்டிய நூல்களுக்குள்ளேயே சுழலும். தொலைக்காட்சியில் ஏற்கெனவே பழகிய முகம் அட்டையில் இருந்தால் அது முந்திக்கொள்ளும். எனவே இரண்டு தீர்ப்புகளும் தனித்தனியே நிற்பதே நல்லது. பிரித்தானியப் பதக்கத்தின் இறுதிப்பட்டியல் நூல்களைப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் உள்ள வாசிப்புக் குழுக்கள் நடுவர்களோடு இணையாகப் படித்து விவாதிக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நூலுக்கும் தனிப் பதக்கம் வழங்கப்படுகிறது. இரண்டு பதக்கங்களும் வெவ்வேறு நூல்களுக்குச் செல்லும்போது எழும் விவாதம் மிகவும் பயனுள்ளது.

கால்டெகாட் விதிகளிலும் குழந்தை வாசகரை மனத்தில் கொண்டு படைத்திருக்கும் சிறப்பு ஓர் அளவுகோலாகவே இடம்பெற்றிருக்கிறது. அங்கே குழந்தை என்பது 14 வயது வரையுள்ளவரைக் குறிக்கும். 2008இல் 500 பக்கங்களைத் தாண்டிய ஒரு நூல் அப்பதக்கத்தைப் பெற்றதற்கும் அந்த எல்லை இடம் கொடுத்தது. உங்கள் பிள்ளை ஒதுக்கிய நூல் வேறொரு வயதுக்கு உரியதாகவும் இருக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து, எதுவும் சொல்லாமல், அதை அவர் கண்ணில் படும்படி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பழங்குடி மரபிலோ நாட்டார் மரபிலோ வரையப்பட்ட ஓவியங்களை, அந்த மரபை அறியாத நடுவர்கள் எப்படி மதிப்பிட முடியும்?

பதில்: எளிதில் முடியாது, முடியும் என்று எண்ணும் நடுவரிடம்தான் எச்சரிக்கை தேவை. தொலைவில் உள்ளதைச் சிறிதாக வரைவது, நிழலிட்டுப் பருமன் காட்டுவது போன்றவற்றை ஓவியத்தின் பொது இலக்கணம் என்று பழகிய கண், அவற்றைப் பொருட்படுத்தாத மரபைக் குறைபாடாகக் காணும். அந்த மரபில் உருவத்தின் அளவு தொலைவைக் காட்டாமல் முக்கியத்துவத்தைக் காட்டலாம். உள்ளே நிரப்பிய புள்ளிகளும் கோடுகளும் அதை வரைந்த கலைஞரின் கையெழுத்தாக இருக்கலாம். வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழிகளின் நூல்களிலும் இதே சிக்கல் உண்டு. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய நடுவருக்கு, வலப்பக்கம் நோக்கி நடப்பவர் புறப்படுபவராகவும், இடப்பக்கம் நோக்கி நடப்பவர் திரும்பி வருபவராகவும் தோன்றும். அரபு நூலில் அது தலைகீழ்.

போலோன்யாவில் 2008ஆம் ஆண்டு, புதிய எல்லைகள் என்ற பிரிவின் விருது, மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மூவர் மரங்களைப் பற்றி வரைந்து, கறுப்புத் தாளில் கையால் அச்சிடப்பட்ட நூலுக்குக் கிடைத்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி அது. ஆயினும் இத்தகைய நூல்கள் சிறப்புப் பிரிவுகளிலேயே நின்றுவிடாமல் பொதுப் பிரிவிலும் சமமாகப் பேசப்பட வேண்டும். அதற்கு நடுவர் குழுவிலேயே பல மரபுகளை அறிந்தவர்கள் இடம்பெற வேண்டும். குறைந்தபட்சம், தெரியாததைக் கேட்டறிந்த பிறகே மதிப்பெண் இடும் வழக்கமாவது வேண்டும்.

கேள்வி: அறிவியல் படநூல்களில் துல்லியம் முக்கியமா, அழகு முக்கியமா?

பதில்: துல்லியம் தவறினால் அழகைப் பற்றிப் பேசவே இடமில்லை. பூச்சியின் ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்தே புறப்பட வேண்டும். பென்குயினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நிற்க முடியாது. ஒன்று தென்கோளத்துப் பறவை, மற்றது வட துருவத்து விலங்கு. பிறையின் இரு கொம்புகளுக்கிடையே விண்மீனை வரைவது மிகப் பரவலான பிழை. அந்த இருண்ட இடத்திலும் நிலவின் உடல் இருக்கிறது. பேசும் எலிகள் உலவும் கற்பனைக் கதையில் இவற்றை ஓவியர் வேண்டுமென்றே மீறலாம். தகவல் நூலில் அந்த உரிமை இல்லை. அதே வேளையில் துல்லியம் மட்டுமே போதாது. எதைப் பெரிதாக்கிக் காட்டுவது, எதை விட்டுவிடுவது, அளவை எதனோடு ஒப்பிட்டு உணர்த்துவது என்ற தெரிவுகளில்தான் நல்ல அறிவியல் ஓவியர் வெளிப்படுகிறார்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து ஆண்டின் சிறந்த படநூல் ஓவியத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில், மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். வண்ணத்துக்குப் பத்து, கோட்டுக்குப் பத்து என்று கூட்டினால் எந்தக் குறையும் இல்லாத, எந்தத் துணிவும் இல்லாத நூலே முதலில் வந்து நிற்கும். ஒவ்வொரு நூலையும் மூன்று முறை பாருங்கள்: எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் ஒரு முறை, எழுத்தோடு சேர்த்து ஒரு முறை, குழந்தைகள் அமரும் தொலைவில் இன்னொருவர் பிடித்திருக்க ஒரு முறை. முன்னட்டையையும் பின்னட்டையையும் ஒரே விரிப்பாகத் திறந்து பார்க்கவும், அட்டையின் உட்புறத்தாளைக் கவனிக்கவும் மறக்க வேண்டாம். சிறந்த ஓவியர்கள் கதையை அங்கேயே தொடங்கிவிடுவார்கள்.

கூடிப் பேசும்போது ஒவ்வொரு நூலைப் பற்றியும் முதலில் நிறைகளை மட்டும் சொல்லுங்கள். குறைகள் பிறகு வரட்டும். நூல் எப்படி இருந்திருக்கலாம் என்பதை விட்டு, எப்படி இருக்கிறது என்பதையே பேசுங்கள். கதைச் சுருக்கம் சொல்ல வேண்டாம், எல்லோரும் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். "எனக்குப் பிடித்தது" என்று ஒருவர் சொன்னால், எந்தப் பக்கத்தில், எதனால் என்று கேளுங்கள். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிய பிறகே விவாதம் தொடரட்டும். நூலின் ஓவியரோடோ பதிப்பகத்தோடோ தொடர்புள்ளவர் யாரேனும் இருந்தால் அதை முதல் நாளிலேயே எல்லோர் முன்னும் தெரிவித்து விலகியிருக்கட்டும். பிள்ளைகளின் தேர்வைத் தனியாக நடத்துங்கள்; பெரியவர்களின் முடிவு தெரிவதற்கு முன்பே அது முடிந்துவிட வேண்டும். வாக்குகளை எண்ணும் பொறுப்பை, எந்த நூலையும் முன்மொழியாத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.